நரம்பு மஞ்சளும் நரம்புப் பச்சையும் – கடிதம்

வணக்கம் ஐயா,

பெருந்துறைப் பக்கம் கீழ்பவானிப் பாசனத்தில் எங்கள் தோட்டம். நிலக்கடலையில் கொழுந்திலை மஞ்சளாகிவிட்டது, நரம்பு மட்டும் பச்சை. வரப்போரம் போட்ட வெண்டையில் நேர்மாறாக நரம்பு மஞ்சள், நடுவில் பச்சை. மருந்துக்கடையில் இரண்டுக்கும் ஒரே நுண்ணூட்டக் கலவையைக் கொடுத்தார்கள். கடலை கொஞ்சம் தெளிந்தது, வெண்டை அப்படியேதான் இருக்குதுங்க. இலை நரம்புக்கு என்னதான் வேலை? புழு ஓட்டை போட்ட இலைகூட வாடாமல் நிற்கிறதே, எப்படி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடலையில் இருப்பது இரும்புச் சத்துக் குறைவு, வெண்டையில் இருப்பது வைரஸ் நோய். ஒரே கலவை இரண்டையும் தீர்க்காது. கடைக்காரர் இலையைப் பார்க்கக் கேட்டிருக்க வேண்டும்.

ஒவ்வொரு நரம்புக்குள்ளும் இரண்டு தடங்கள் ஓடுகின்றன. மேல்பக்கம் சைலம், வேரிலிருந்து தண்ணீரும் தாதுவும் வருவது அதில். அடிப்பக்கம் புளோயம், இலை சமைத்த சர்க்கரை காய்களுக்கும் வேருக்கும் போவது அதில். நம் கண்ணுக்குத் தெரியும் தடித்த நரம்புகள் கொஞ்சம்தான். மொத்த நீளத்தில் பெரும்பகுதி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மட்டும் தெரியும் இழைகள். சர்க்கரை ஏற்றப்படுவதும் அந்த இழைகளில்தான்.

உங்கள் வாய்க்காலையே நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைவாக விட்டால் கொப்பு வாய்க்கால் தலைப்பில் உள்ள வயல் நனையும், கடைமடை காயும். கடலை இலையில் இரும்புக்கு நடப்பது இதுதான். வருகிற கொஞ்சம் இரும்பு நரம்பை ஒட்டிய செல்களுக்குக் கிடைத்துவிடுகிறது, நடுப்பகுதி வெளுக்கிறது. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். இருந்தும் சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் அது வேர் எடுக்க முடியாத வடிவில் கிடக்கிறது. முதிர்ந்த இலையில் சேர்ந்த இரும்பு புதுக் கொழுந்துக்கு எளிதில் நகராது, அதனால் நுனிதான் முதலில் மஞ்சளாகும். இதே கோலம் அடியிலைகளில் தொடங்கினால் மக்னீசியத்தைச் சந்தேகியுங்கள், அது பழைய இலையிலிருந்து புதியதற்குப் போய்விடும். சோளத்தில் நரம்புகள் இணையாக ஓடுவதால் இரும்புக் குறை பச்சையும் மஞ்சளுமாகக் கோடு கோடாகத் தெரியும்.

கடலைக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) போதும். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். வாங்கும்போது வெளிர் பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள், துருநிறமாகிவிட்டது பலன் தராது. கரைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

வெண்டையில் வந்திருப்பது மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ இலையடியில் உட்கார்ந்து புளோயச் சாற்றை உறிஞ்சும்போது வைரஸ் அந்தத் தடத்துக்குள் போகிறது. நோய் நுழைந்த வழியே நரம்பு, அதனால் நரம்பே முதலில் வெளுக்கிறது. நோய் பிடித்த செடியை எந்த மருந்தும் தேற்றாது. காய் இன்னும் இரண்டு கிடைக்குமே என்று விட்டுவைத்தால் அந்தச் செடியிலிருந்து வெள்ளை ஈ அடுத்த வரிசைக்கும் கொண்டுபோகும். இன்றே பிடுங்கி அழித்துவிடுங்கள். மஞ்சள் ஒட்டும் பொறி கட்டுங்கள், வரப்புக் களையையும் எடுத்துவிடுங்கள்.

ஓட்டை பற்றிய உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் எலெனி கடிஃபோரி, மார்செலோ மக்னாஸ்கோ முதலானோர் இதை ஆராய்ந்து 2010இல் எழுதினார்கள். எலுமிச்சை இலையில் நடு நரம்பை ஓட்டை போட்டு ஒளிரும் சாயத்தை ஏற்றினார்கள். சாயம் பக்கத்துச் சிறு நரம்புகள் வழியாகச் சுற்றிப்போய் ஓட்டைக்கு அப்பாலும் சேர்ந்தது. ஜிங்கோ என்ற தொன்மையான மரத்தின் இலையில் நரம்புகள் கிளைத்துக்கொண்டே போகும், பெரும்பாலும் திரும்ப இணையாது. அதில் ஓட்டைக்கு அப்பால் சாயம் போகவில்லை. வலையாகப் பின்னிய நரம்பு செடிக்குச் செலவு அதிகம், ஆனால் ஓரிடம் அறுந்தாலும் இலை பிழைத்துவிடுகிறது. பிள்ளைகள் இருந்தால் ஓர் அரச இலையைச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போடச் சொல்லுங்கள். சதை அழுகிக் கழன்றபின் அந்த வலை முழுதாகக் கைக்கு வரும்.

கடலையும் வெண்டையும் வலைநரம்புப் பயிர்கள்தான். இலையில் அங்கங்கே நாலு ஓட்டை தெரிந்ததற்காக மருந்தடிக்க ஓடாதீர்கள். புழு பெருகுகிறதா என்று இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அன்புடன்