சிறிய அறக்கட்டளைக்கு நிதி திரட்டும் குழுவை எப்படி அமைப்பது?

மூன்று பேர் மட்டும் உள்ள அறக்கட்டளையில் நன்கொடை திரட்ட முதலில் யாரை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கு எழுதவும் நன்றிக் கடிதம் அனுப்பவும் தவறாத ஒருவரை எடுங்கள். பேச்சுத் திறமை பிறகு வரும்.

நான் வேலை பார்த்த ஓர் அமைப்பில் நன்கொடையாளர் விவரம் முழுக்க ஒரே அக்காவின் நோட்டிலும் கைப்பேசியிலும்தான் இருந்தது. யார் மகளுக்கு என்றைக்குப் பிறந்தநாள், யார் அப்பாவின் திதிக்கு அன்னதானம் தருவார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் விலகிய வருடம் பழைய நன்கொடையாளர்களில் பலரை யாருமே கூப்பிடவில்லை. அதனால் முதல் நாளே பொதுவான எக்செல் பட்டியல் ஒன்றைத் தொடங்குங்கள். ஒவ்வொரு நன்கொடையாளரையும் குழுவில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.

அப்புறம் ரசீது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால், நன்கொடையாளருக்கு 80ஜி எனப்படும் வருமான வரிச் சலுகை கிடையாது. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கும் இல்லை. இதைப் பணம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான அனுமதி இல்லாமல் வெளிநாட்டு நன்கொடை வாங்கவே கூடாது.

வசூலில் கமிஷன் வேண்டாம். மாதம் 500 ரூபாய் அனுப்பும் ஆசிரியரைக் கமிஷன்காரர் திரும்பிப் பார்க்க மாட்டார். அலுவலக வாடகை ஓடுவதே அப்படிப்பட்டவர்களால்தான். நிலையான சம்பளம் கொடுங்கள். முதல் ஆறு மாதம் பழைய நன்கொடையாளர்களைப் பார்த்து வருவதே நீங்கள் எடுத்தவரின் வேலையாக இருக்கட்டும்.