இன்ஜின் எங்கே இருக்கிறது?

கேள்வி: பிரிட்டனில் இன்டர்சிட்டி 125 ரயில்களைப் பெரும்பாலான தடங்களிலிருந்து எடுத்துவிட்டு, ஹிட்டாச்சியின் புது ரயில்களை விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் 'பழைய வண்டிதான் வண்டி' என்கிறவர்கள் அங்கே குறையவில்லை. 1976-இல் வந்த டீசல் ரயிலை இன்னும் கொண்டாடுவது வெறும் பழம்பெருமைதானே?
– ஒரு வாசகர், பொன்மலை

பதில்: பாதி பழம்பெருமைதான். மீதிப் பாதியை அப்படித் தள்ளிவிடாதீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தைத் தொட்டுக் காட்டவும் முடியும்.

125-இன் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு இன்ஜின் வண்டி. நடுவில் ஏழோ எட்டோ பெட்டிகள். அதற்கு முன் அங்கே ஓடிய டெல்டிக் டீசல் இன்ஜின் 3,300 குதிரைத்திறன், சுமார் 100 டன் எடை, வேகம் மணிக்கு 100 மைல். அதைவிட வேகம் வேண்டும், ஆனால் புதுத் தடம் போடப் பணமில்லை. ஒரே இன்ஜினை இன்னும் கனமாக்கினால் தண்டவாளம் அடி வாங்கும். அதனால் சக்தியை இரண்டாகப் பிரித்தார்கள்: தலைக்கு 2,250 குதிரைத்திறன், தலைக்கு 70 டன், நான்கு அச்சுகள். அச்சு ஒன்றுக்குப் பதினேழரை டன்தான். டிஸ்க் பிரேக்கும் சேர, இருந்த தடத்திலேயே மணிக்கு 125 மைல், அதாவது 201 கி.மீ. ஓடியது. 1987 நவம்பர் 1 அன்று சோதனை ஓட்டத்தில் 238 கி.மீ. தொட்டது.

இதெல்லாம் தண்டவாளத்தைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு. ஆனால் பெரிய பலன் பயணிக்குக் கிடைத்தது. அவர் உட்காரும் பெட்டிக்கடியில் இன்ஜின் என்ற ஒன்றே இல்லை. விளக்குக்கும் ஏசிக்கும் வேண்டிய மின்சாரம்கூட முனையிலிருந்துதான் வந்தது. 23 மீட்டர் நீளப் பெட்டி, அடியில் காற்று ஸ்பிரிங். முழு வேகத்தில் போகும்போதும் பக்கத்து இருக்கைக்காரரிடம் குரலை உயர்த்தாமல் பேசலாம்.

புது ரயில், கிளாஸ் 800, மின்கம்பி இருந்தால் மின்சாரத்திலும் இல்லாத இடத்தில் டீசலிலும் ஓடும். ஐந்து பெட்டி வண்டியில் மூன்று டீசல் இன்ஜின், ஒன்பது பெட்டி வண்டியில் ஐந்து. எல்லாமே பயணிகளின் காலடியில். கம்பிக்குக் கீழே அவை ஓய்வாக இருக்கும்; அப்போது வண்டி அமைதி, புறப்படும் வேகமும் பழையதைவிட அதிகம். கம்பி முடிந்ததும் இன்ஜின் கிளம்பும். வண்டி வேகம் எடுக்கையில் ஜெனரேட்டர் முழுச் சுமைக்குப் போகும். கீழ்ஸ்தாயியில் ஓர் உறுமல் தரை வழியாக ஏறி, உள்ளங்காலுக்கும் முன்னிருக்கும் மேசைக்கும் வந்து சேரும்.

இதற்கு ரயிலைச் செய்தவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். லண்டனிலிருந்து மேற்கே போகும் தடத்தை மின்மயமாக்கும் திட்டத்தில் பிரிஸ்டல், பாத் பகுதி வேலைகளை 2016 நவம்பரில் தள்ளிவைத்தார்கள். 2017 ஜூலையில் கார்டிஃப்–ஸ்வான்சி பகுதியை ரத்தே செய்தார்கள். முழு மின்சார ரயிலாக ஆர்டர் கொடுத்திருந்தவற்றுக்குக்கூட டீசல் இன்ஜின் பூட்ட வேண்டி வந்தது. கம்பியில் மிச்சம் பிடித்த காசுக்குப் பயணி தன் காதால் விலை கொடுக்கிறார். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

125-இன் இன்னொரு வசதியையும் சொல்ல வேண்டும். அதில் முதலில் இருந்த பாக்ஸ்மன் வலென்டா இன்ஜினின் டர்போ ஊளையைப் பற்றி ரசிகர்கள் கண்கலங்கப் பேசுவார்கள். ஆனால் 2005 முதல் சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலான வண்டிகளில் அதை எடுத்துவிட்டு ஜெர்மனியின் எம்.டி.யு. நிறுவன இன்ஜினைப் பொருத்தியாயிற்று. புகை குறைந்தது, ஊளையும் போயிற்று. இத்தனை பெரிய மாற்றத்துக்கு ஒரு பயணிகள் பெட்டியைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை. இந்த ரயில் நாற்பது வருடம் தாண்டி ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிகளோடு ஓடும் அம்ரித் பாரத் ரயிலிலும் இரு முனையிலும் இன்ஜின்தான். வந்தே பாரத்தில் பெட்டிக்கடியில் இருப்பது மின்மோட்டார், டீசல் அல்ல. எனவே மேலே சொன்ன குறையை அதன் தலையில் கட்ட வேண்டாம்.

இருக்கை பற்றிய புகார் வேறு கணக்கு. புது ரயிலின் இருக்கை கட்டை மாதிரி இருக்கிறது என்பது உண்மை. ஆனால் எந்த இருக்கை, எவ்வளவு நெருக்கம் என்பது ரயிலை ஆர்டர் செய்கிறவர் எடுக்கிற முடிவு. பழைய பெட்டியும் இதில் உத்தமம் இல்லை. ஜன்னல்களை முதல் வகுப்பு இடைவெளிக்கு வைத்துவிட்டு, இரண்டாம் வகுப்பிலும் அதே பெட்டிக் கூட்டைப் பயன்படுத்தினார்கள். ஜன்னலோரம் என்று உட்கார்ந்து, வழி முழுக்கச் சுவரைப் பார்த்தவர்கள் ஏராளம்.

இனி, ரசிகர்கள் பேசத் தயங்கும் பக்கம். பழைய கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. கதவிலுள்ள ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, வெளிக் கைப்பிடியைத் திருப்பித்தான் இறங்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவரும் கையில் வலு இல்லாதவரும் அடுத்தவர் உதவிக்குக் காத்திருக்க வேண்டும். 2018 டிசம்பரில் பாத் நகருக்கு அருகே அந்த ஜன்னலில் தலையை நீட்டிய ஒரு பயணி மரக்கிளை அடித்து இறந்தார். கழிவறைக் கழிவு நெடுங்காலம் தண்டவாளத்திலேயே விழுந்தது. 2020 ஆகஸ்ட் 12 அன்று ஸ்காட்லாந்தின் கார்மண்டில், மழையில் அடித்து வந்த சரளைக்கற்களில் ஏறி ஒரு 125 தடம்புரண்டு மூவர் உயிரிழந்தனர். வடிகாலைச் சரியாகக் கட்டாததே மூல காரணம். ஆனாலும் இன்றைய தரத்தில் கட்டிய ரயிலாக இருந்தால் சேதம் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. இதைப் படித்தபின் 'பழையதையே ஓட்டுங்கள்' என்று எழுத எனக்குக் கை வராது.

புதியதும் குறையில்லாதது அல்ல. 2021 மே மாதம் கிளாஸ் 800 பெட்டிகளின் அலுமினியத்தில், ஆட்டம் தாங்கும் டேம்பரைப் பிடித்திருக்கும் இடத்திலும், பெட்டியைத் தூக்கப் பயன்படும் தகட்டுப் பகுதியிலும் விரிசல் கண்டு, ஒரே நாளில் வண்டிகளை நிறுத்தினார்கள். ஒவ்வொன்றாகப் பரிசோதித்துத்தான் திரும்ப ஓட்டினார்கள்.

நீங்கள் அங்கே போனால் ஒன்று செய்யுங்கள். கிளாஸ் 800-இல் இரு முனைப் பெட்டிகளுக்கும் அடியில் இன்ஜின் கிடையாது. ஒன்பது பெட்டி வண்டியானால், முனையிலிருந்து எண்ணி நான்காவதிலும் ஆறாவதிலும் கிடையாது. டிக்கெட் எடுக்கும்போது அந்தப் பெட்டிகளில் இடம் கேளுங்கள். கம்பி முடிந்து டீசல் கிளம்பும் இடத்தில் எழுந்து அடுத்த பெட்டிக்கு நடந்து பாருங்கள். பழைய வண்டியின் ரசிகர்கள் எதை இழந்ததாகச் சொல்கிறார்கள் என்பது உங்கள் காலுக்கே தெரியும்.