மான்செஸ்டர் அவ்வளவு பெரிய தொழில் நகரம், ஆனால் 1838 வரை அங்கே மாநகராட்சியே இல்லையாமே? அதுவரை ஊரை யார் நடத்தினார்கள்?

உண்மைதான். மில்களும் புகைபோக்கிகளுமாக உலகமே பேசிக்கொண்டிருந்த காலத்தில், சட்டத்தின் பார்வையில் அது கிராமம் மாதிரிதான். இன்னும் சொல்லப்போனால் ஒரு குடும்பத்தின் ஜமீன். நான் சில வருடங்களாக இந்தப் பக்கம்தான் குடியிருக்கிறேன், ஊர்க்கதை படிக்கிற பழக்கமும் உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1301இல் அப்போதைய பிரபு தாமஸ் கிரெல்லி ஊர்க்காரர்களுக்கு ஒரு சாசனம் கொடுத்தார். அதில் சில உரிமைகள் இருந்தன, ஆனால் ஊர் தன்னைத்தானே ஆண்டுகொள்ளும் அளவுக்கு அது வளரவில்லை. 1596இல் நிக்கோலஸ் மோஸ்லி என்ற துணி வியாபாரி 3,500 பவுண்டுக்கு இந்த ஜமீனை வாங்கினார். அதிலிருந்து சந்தை வரி, ஊர்க் கோர்ட் எல்லாம் மோஸ்லி குடும்பத்துக்கு. (ஆமாம், 1930களில் பிரிட்டனில் கருஞ்சட்டை ஃபாசிஸ்ட் கட்சி நடத்திய ஆஸ்வால்ட் மோஸ்லி இந்த வம்சம்தான்.)

அந்த ஊர்க் கோர்ட்டின் பெயர் கோர்ட் லீட். ஊரின் தலைமை அதிகாரியான பரோரீவையும் கான்ஸ்டபிள்களையும் அதன் ஜூரிகள்தான் நியமிப்பார்கள். அதன் பழைய பதிவேடுகள் 1552இலிருந்து இருக்கின்றன, படிக்க அவ்வளவு சுவாரசியம். பீர் சரியாகக் காய்ச்சியிருக்கிறார்களா என்று ருசி பார்க்க ஓர் அதிகாரி, சந்தையில் மீனையும் இறைச்சியையும் பார்க்க வேறு ஆட்கள், பெரிய நாய்களுக்கு வாய்க்கூடு மாட்டியிருக்கிறதா என்று கவனிக்கத் தனியாகச் சிலர். பன்றி மேய்ப்பவர் ஒருவர் உண்டு. காலையில் தெருவில் கொம்பு ஊதிக்கொண்டு போவார், வீட்டுப் பன்றிகளை அவரிடம் ஒப்படைக்க வேண்டும், ஊருக்கு வெளியே கோலிஹர்ஸ்ட்டில் மேய்த்துக்கொண்டு வருவார். 16ஆம் நூற்றாண்டுச் சிற்றூருக்கு இது போதும். விஷயம் என்னவென்றால், 1831 கணக்கெடுப்பில் 1,40,000 பேரைத் தாண்டிய பிறகும் ஊரின் தலைவரைத் தேர்ந்தெடுத்தது இதே கோர்ட்தான்.

நமக்கு இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சென்னைக்கு, அதாவது அன்றைய மதராஸுக்கு, ஆங்கிலேய பாணியில் மேயரும் ஆல்டர்மேன்களுமாக (மூத்த கவுன்சிலர்கள்) மாநகராட்சி வந்தது 1688இல். மான்செஸ்டர் அதற்கு இன்னும் 150 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1650களில் மன்னர் இல்லாமல் கிராம்வெல் நாட்டை ஆண்ட காலத்துச் சில வருடங்களைத் தள்ளிவிட்டால், 1832 வரை அந்த ஊருக்கென்று ஓர் எம்.பி. கூடக் கிடையாது. 1819இல் மான்செஸ்டரில் ஓட்டுரிமை கேட்டுக் கூடிய மக்கள்மேல் குதிரைப்படை பாய்ந்ததே, பீட்டர்லூ படுகொலை என்பார்கள், அதற்குப் பின்னால் இருந்த கோபத்தில் இதுவும் ஒன்று.

சரி, அத்தனை பெரிய ஊருக்குத் தெருவிளக்கு, சாக்கடை, இரவுக் காவல் எல்லாம் யார் பார்த்தது? அதற்காக 1792இல் ஒரு தனிச் சட்டம் போட்டு போலீஸ் கமிஷனர்கள் என்று ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இவர்கள் ஊருக்குள் ஓரளவு சொத்து வசதி உள்ள சாதாரண ஆட்கள். தகுதி இருப்பவர் யாராக இருந்தாலும் உறுதிமொழி எடுத்துக் கமிஷனர் ஆகிவிடலாம். 1820களில் கடைக்காரர்களும் அரசியல் சீர்திருத்தம் கேட்ட ராடிகல்களும் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து, கூட்டம் நடத்தவே முடியாத அளவுக்குக் கூச்சலாகி, 1828இல் இன்னொரு சட்டம் போட்டு எண்ணிக்கையை 240க்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் இவர்கள் உருப்படியாக ஒன்று செய்தார்கள். 1817இலேயே சொந்தமாக எரிவாயு ஆலை தொடங்கி, விளக்கு எரிய வாயு விற்று, அந்த லாபத்தில் தெருக்களை அகலப்படுத்தினார்கள். தனியார் கம்பெனிக்குக் கொடுத்துவிடாமல் ஊரே வியாபாரம் பண்ணுவது என்கிற மான்செஸ்டர் புத்தி இங்கேதான் ஆரம்பித்தது என்பது என் கணிப்பு.

1835இல் நகராட்சிச் சட்டம் வந்தது, புதிய ஊர்களும் சாசனம் கேட்கலாம் என்றாயிற்று. அந்த நேரத்தில் ரிச்சர்ட் காப்டன் என்ற, காலிகோ எனும் பருத்தித் துணியில் அச்சடிக்கும் முதலாளியைக் கோர்ட் லீட்டுக்கு ஜூரியாகக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அழுக்கடைந்த ஓர் அறை, விரல்விட்டு எண்ணும் அளவுக்கு ஆட்கள், அவர்கள் உட்கார்ந்து இத்தனை பெரிய ஊருக்குத் தலைவரைத் தேர்வு செய்கிறார்கள்! மனிதர் கொதித்துப்போய் 1837இல் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதிப் பிரச்சாரத்தில் இறங்கினார். 1838 அக்டோபரில் சாசனம் கிடைத்தது. 48 கவுன்சிலர்கள், 16 ஆல்டர்மேன்கள், தாமஸ் பாட்டர் முதல் மேயர்.

ஆனால் எதிர்க்கட்சியான டோரிகள் (பழமைவாதக் கட்சியினர்) தேர்தலையே புறக்கணித்துவிட்டு, இந்தச் சாசனமே செல்லாது என்று நின்றார்கள். பழைய அதிகாரிகள் டவுன் ஹாலைக் கொடுக்க மாட்டேன் என்றார்கள், அதனால் புதிய கவுன்சில் ஒரு ஹோட்டலில் கூடியது. வரி வசூலித்துக் கொடுக்கவும் ஆள் இல்லை. கோர்ட் லீட்டின் பகல் காவல், கமிஷனர்களின் இரவுக் காவல், கவுன்சில் போட்ட போலீஸ் என்று ஆளாளுக்கு ஒரு படை. கடைசியில் லண்டன் அரசே 1839இல் சர் சார்லஸ் ஷா என்ற ராணுவக்காரரை அனுப்பி போலீஸைக் கையில் எடுத்துக்கொண்டது. 1842இல் நாடாளுமன்றம் சாசனம் செல்லும் என்று சட்டம் போட்ட பிறகுதான் சண்டை ஓய்ந்தது.

அப்போதும் சந்தையும் ஜமீன் உரிமையும் மோஸ்லி கையில். 1808இல் அவர்கள் 90,000 பவுண்டுக்குத் தருவதாகச் சொன்னார்கள், ஊர்க்காரர்கள் 70,000க்கு மேல் தர மாட்டோம் என்று பேரத்தை விட்டுவிட்டார்கள். 1845இல் கவுன்சில் அதே உரிமைகளை 2,00,000 பவுண்டு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. வாங்குகிற காலத்தில் வாங்காததற்குக் கட்டிய அபராதம் என்றுதான் அதைச் சொல்வேன்.

அதன் பிறகு மான்செஸ்டர் கவுன்சில் எதையும் சின்னதாகச் செய்யவில்லை. 96 மைல் தள்ளியிருக்கும் தேர்ல்மியர் ஏரியிலிருந்து 1894இல் தண்ணீர் வந்தது. கடல் கப்பல்கள் மான்செஸ்டர்வரை வருவதற்காக வெட்டி அதே வருடம் திறந்த கப்பல் கால்வாய், வேலை பாதியில் காசில்லாமல் நின்றபோது 50 லட்சம் பவுண்டு கடன் கொடுத்து, 21 இயக்குநர்களில் 11 பேர் தங்கள் ஆட்கள் என்று ஆக்கிக்கொண்டது. விமான நிலையத்தில் இன்றும் பெரிய பங்கு கவுன்சிலுடையது. புதிய டவுன் ஹாலை 1877இல் திறக்க விக்டோரியா ராணியைக் கூப்பிட்டார்கள், அவர் வரவில்லை. மேயர் ஏபெல் ஹேவுட்டே திறந்தார். இவர் 1832இல் முத்திரை வரி கட்டாத பத்திரிகை விற்று ஜெயிலுக்குப் போனவர். கடிகாரக் கோபுரத்தின் எட்டு டன் மணிக்கு அவர் பெயர்தான்.

இப்போதைய நிலைமை இன்னும் குழப்பம். சுற்றியுள்ள பத்து கவுன்சில்களுக்கும் மேலே 1974இல் ஒரு பெரிய கவுன்சில் வைத்தார்கள், 1986இல் தாட்சர் அரசு கலைத்தது. 2011இல் பத்தும் சேர்ந்து கூட்டு ஆணையமாகின. 2012இல் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயர் வேண்டுமா என்று மான்செஸ்டர் நகர மக்களைக் கேட்டதற்கு வேண்டாம் என்றார்கள். அப்புறம் நடந்ததைப் பாருங்கள், பத்து ஊருக்கும் சேர்த்து 2017இல் ஒரு மேயர் வந்துவிட்டார், ஆண்டி பர்ன்ஹாம் ஜெயித்தார். சங்கிலி போட்டுக்கொண்டு விழாக்களுக்கு வரும் லார்ட் மேயர் வேறு ஆள். எங்கள் கவுன்சில் வரி பில்லில் மேயர் என்ற பெயரில் இரண்டு வரிகள் இருக்கும், ஒன்று போலீஸுக்கு, இன்னொன்று தீயணைப்பு முதலான மற்றவற்றுக்கு, இரண்டும் ஒரே மேயர்தான். குப்பை எடுக்கவில்லை என்றால் கவுன்சிலுக்கு எழுத வேண்டும், பஸ் வரவில்லை என்றால் பர்ன்ஹாம் கொண்டுவந்த மஞ்சள் பஸ் நிர்வாகத்தைக் கேட்க வேண்டும்.