கிளை நூலகத்தில் சமூகப் பணியாளரை அமர்த்த அரசு நிதி கிடைக்குமா?

கேள்வி: எங்கள் கிளை நூலகத்துக்கு வருவோரில் பலர் முதியோர் உதவித்தொகை விண்ணப்பம், குடும்ப வன்முறை, குடிப்பழக்கம் போன்ற சிக்கல்களுக்கும் நூலகரிடமே வழி கேட்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோ பொது நூலகத்தில் இதற்கென்றே சமூகப் பணியாளர் இருப்பதாகப் படித்தோம். நூலக வரியிலிருந்து அப்படி ஒருவருக்குச் சம்பளம் பெற முடியுமா? வாசகர் வட்டத்தை அறக்கட்டளையாகப் பதிவு செய்தால் மத்திய அரசு மானியம் வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
(வாசகர் வட்டச் செயலாளர் ஒருவர்)

பதில்: முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் எழுத்து மூலம் ரசீது கேளுங்கள். வட்டத்தின் லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும் அவர் கையில் இருந்தால் இன்றே திரும்பப் பெறுங்கள். நூலகத்துக்கான மத்திய அரசு உதவி பெரும்பாலும் கொல்கத்தாவில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை வழியாகவே வருகிறது. அது நூல்கள், அலமாரி, மேசை நாற்காலி, கட்டடம் போன்றவற்றுக்கு உதவும். சமூகப் பணியாளரின் மாதச் சம்பளத்துக்கு அதில் இடமில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதியும் நிலையான சொத்துகளை உருவாக்குவதற்கானது என்பதால் அதிலும் சம்பளம் கிடைக்காது. இல்லாத மானியத்துக்குத்தான் உங்களிடம் பணம் கேட்கப்படுகிறது. தொண்டு நிறுவனங்களுக்கான 'தர்ப்பண்' தளப் பதிவுக்குக்கூட அரசு கட்டணம் வாங்குவதில்லை. அதைச் செய்து தருவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு, பிறகு "கோப்பு டெல்லியில் இருக்கிறது" என்று ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பவர்கள் மாவட்டந்தோறும் இருக்கிறார்கள். இவர்கள் உறுப்பினர் பட்டியலையும் ஆதார் நகல்களையும் "பயனாளிகள் விவரம்" என்று கேட்டு வாங்குவார்கள். அவற்றை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். அந்தக் காகிதங்கள் பிறகு எந்தக் கோப்பில் போய்ச் சேரும் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

இனி நூலக வரி. 1948ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது நூலகச் சட்டத்தின் கீழ், சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் உள்ளாட்சி அமைப்புகள் வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த நிதி நூலகச் செலவுக்கானது. சமூகப் பணியாளர் என்றொரு பணியிடத்தைப் புதிதாக உருவாக்க அரசாணை வேண்டும். மாவட்ட நூலக அலுவலர் மனம் வைத்தாலும் அது அவர் கையில் இல்லை. வரி செலுத்துபவரிடம் தாமதத்துக்கு வட்டி கேட்கும் உள்ளாட்சி அமைப்புகளே, நூலகத்துக்கென்று வசூலித்த பணத்தை உரிய காலத்தில் ஒப்படைக்காமல் நிலுவை வைப்பதை எந்த அரசும் கண்டிப்புடன் தடுக்காதது எனக்குக் கோபத்தைத் தருகிறது. உங்கள் ஊராட்சியோ நகராட்சியோ கடந்த மூன்று ஆண்டுகளில் எவ்வளவு நூலக வரி வசூலித்தது, எவ்வளவு ஒப்படைத்தது, எந்தத் தேதியில் ஒப்படைத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டியது அவர்கள் கடமை.

நீங்கள் குறிப்பிடும் சான் பிரான்சிஸ்கோ ஏற்பாடு 2009இல் தொடங்கியது. அந்த நகரின் பொதுச் சுகாதாரத் துறையும் நூலகமும் கைகோத்ததால்தான் அது சாத்தியமாயிற்று. நீங்களும் சம்பளத்துக்கு நிதி தேடுவதை விட்டுவிட்டு, வேறொரு துறை ஏற்கெனவே ஊதியமோ மதிப்பூதியமோ கொடுத்து வைத்திருக்கும் ஒருவரை நூலகத்துக்கு வரவழையுங்கள்.

இதற்கு ஏற்ற வழி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. 1987ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த அந்த ஆணைக்குழுவால் சட்ட உதவி மையங்களை நடத்தவும், பயிற்சி பெற்ற சட்டத் தன்னார்வலர்களை அங்கே அமர்த்தவும் முடியும். அவர்களின் மதிப்பூதியத்தை ஆணைக்குழுவே தருகிறது. எனவே நூலகமோ வாசகர் வட்டமோ, உதவி கேட்டு வருபவரோ ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை, அவர்களும் வாங்கக் கூடாது. இவர்கள் வழக்கறிஞர்களும் அல்லர், சமூகப் பணிப் பட்டம் பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பித் தருவது, நிராகரிக்கப்பட்டால் யாரிடம் முறையிடுவது என்று சொல்வது, வன்முறைக்கு உள்ளான பெண்ணை உரிய அதிகாரியிடம் அனுப்புவது ஆகியவை இவர்கள் செய்யும் வேலைகளே. பெண்கள், குழந்தைகள், பட்டியலின, பழங்குடியின மக்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது என்பதை நூலகச் சுவரிலேயே எழுதி ஒட்டலாம்.

மனநலச் சிக்கல்களுக்கு மாவட்ட மனநலத் திட்டக் குழுவை மாதம் ஒரு முறை வரும்படி அரசு மருத்துவமனை வழியாகக் கேளுங்கள்; இடைப்பட்ட நாட்களில் 14416 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567.

இரண்டு கடிதங்கள் எழுதுங்கள். முதலாவது மாவட்ட நூலக அலுவலருக்கு: வாரத்தில் எந்த நாள், எந்த நேரம், எந்த அறை, ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போதும் என்று தெளிவாகக் குறிப்பிட்டு இட அனுமதி கேளுங்கள். வாய்மொழி அனுமதியை நம்ப வேண்டாம். அலுவலர் மாறினால் அதுவும் போய்விடும். அனுமதி கையில் கிடைத்ததும், அதன் நகலை இணைத்து, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்கு இரண்டாவது கடிதத்தை நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இவற்றை எழுதித் தர இடைத்தரகர் எவரும் தேவையில்லை. நூலகரும் நீங்களும் ஒரு மாலையில் எழுதி முடித்துவிடலாம்.