வண்டி இருந்துச்சு, ஆனா நடந்துதான் போனாங்க

கேள்வி: பழைய ஹாலிவுட் படங்கள்ல வெள்ளைத் துணி போட்ட கூண்டு வண்டியில குதிரைய பூட்டி, குடும்பமே உள்ள உக்காந்து போகும், திடீர்னு காட்டுமிராண்டி செவ்விந்தியர்கள் பாஞ்சு வருவாங்க, இவங்க வண்டிகள வட்டமா நிறுத்திட்டு சுடுவாங்க. நிஜமாவே அப்படித்தான் அமெரிக்காவ கடந்தாங்களா?

பதில்: இல்லைங்க. உங்க கேள்வியில இருக்குற "காட்டுமிராண்டி"ங்கற வார்த்தைய வெட்டிட்டு போடலாமான்னு மொதல்ல நெனச்சேன், அப்புறம் அப்படியே விட்டுட்டேன், ஏன்னா பதில் சொல்ல வேண்டியதே அதுக்குத்தான். ஜான் அன்ரூங்கற வரலாற்று ஆய்வாளர் அந்தக் காலத்து டைரி, கடிதம், பத்திரிகை எல்லாம் தோண்டி கணக்கு எடுத்தார். 1840லேருந்து 1860 வரை புது எடம் தேடி ரெண்டரை லட்சம் பேருக்கு மேல அந்த வண்டிப் பாதை வழியா மேற்க போயிருக்காங்க, அதுல பழங்குடிகள் கையால செத்தவங்க 400 பேர் கூட இல்ல, ஆனா வண்டிக்காரங்க கையால செத்த பழங்குடிகள் அதைவிட அதிகம். படத்துல நாம பாத்தது தலைகீழ்.

அப்போ வழியில செத்தவங்க எதுல செத்தாங்க? பெரும்பாலும் காலரா. பிளாட்ங்கற ஆத்தோட கரையோரமாவே எல்லாரும் போனாங்க, அங்கேயே கூடாரம், அங்கேயே மலஜலம், அந்தத் தண்ணியவே குடிச்சாங்க, காலையில நல்லா நடந்துட்டு இருந்தவன் சாயங்காலம் பொணம். சில பேர் பாதை நடுவுலயே குழி வெட்டி புதைச்சு அது மேலயே வண்டிய ஓட்டிட்டு போனாங்க, ஓநாய் தோண்டிடக் கூடாதுன்னு. மண்ண போட்டு முடிச்ச கையோட வண்டிய ஏத்தணும், அந்தக் குழியில கெடக்குறது பெத்த பிள்ளையா கூட இருக்கும், என்னால அதை சாதாரணமா படிச்சிட்டு போக முடியல. அதே காலரா 1849ல ஷையான்ங்கற பழங்குடி மக்கள் கிட்டயும் பரவி அவங்க கூட்டம் கூட்டமா செத்தாங்க, அந்தக் காட்சிய எடுத்த படம் எதுவும் நான் பாத்ததில்ல.

சரி, வண்டிக்கு வர்றேன். பெட்டி சுமார் 4 அடி அகலம், 10 அடி நீளம், அவ்வளவுதான். மரத்த வில்லா வளைச்சு மேல கேன்வாஸ் துணி, மழைக்கு ஒழுகாம இருக்க அதுல ஆளிவிதை எண்ணெய் தடவுவாங்க. உள்ள ஒரு டன் பாரம் ஏறும், பெரியவங்க ஒருத்தருக்கு மாவு மட்டுமே கிட்டத்தட்ட 200 பவுண்டு, அப்புறம் பன்னிக்கறி, காப்பிக்கொட்டை, படுக்கை, கோடாலி, இதெல்லாம் போக ஆள் உக்கார எடம் எங்க இருக்கு? அதிர்ச்சிய தாங்குற ஸ்பிரிங்கும் கெடையாது, காலையில பால வாளியில ஊத்தி வண்டியில தொங்கவிட்டா ஆடுன ஆட்டத்துலயே சாயங்காலத்துக்குள்ள வெண்ணெய் திரண்டுடும். நோயாளி, கைக்குழந்தை, பிள்ளைத்தாச்சி தவிர மத்தவங்க எல்லாம் மிசௌரியில இருக்குற இன்டிபென்டன்ஸ் ஊர்லேருந்து மேற்குக் கடற்கரை ஓரத்து ஓரிகன் வரைக்கும் சுமார் 2,000 மைல் நடந்தாங்க, நாலஞ்சு மாசம். ஓடுற வண்டியில ஏறி எறங்கி வெளயாடி சக்கரத்துக்கு அடியில விழுந்த பசங்க நெறைய. சொந்த துப்பாக்கி தவறி வெடிச்சு செத்தவங்களும் அப்படித்தான்.

பெரும்பாலும் இழுத்தது குதிரை இல்ல, மாடு. குதிரைக்கு தானியம் வேணும், மாடு வழியில கெடைக்கிற புல்ல மேஞ்சே தாங்கும், வெலையும் கம்மி. மாட்டுக்கு இடது பக்கமா கூடவே நடந்து "ஜீ"ன்னா வலது, "ஹா"ன்னா இடதுன்னு கத்திக்கிட்டே ஓட்டணும், ஒரு நாளைக்கு 15 மைல் போனா நல்ல நாள். அச்சுக்கு பின்னாடி ஒரு வாளி தொங்கும், அதுல தாரும் மாட்டுக்கொழுப்பும் கலந்த வண்டி மை. மேற்க போகப் போக காத்து வறண்டு மரம் சுருங்கும், ஆரக்கால் ஆடும், இரும்புப் பட்டா கழண்டு வரும். அப்போ ராத்திரி சக்கரத்த கழட்டி ஆத்துல ஊறப்போடுவாங்க, இல்லன்னா பட்டாவுக்கு அடியில மரச்சில்லு சொருகி அடிப்பாங்க.

வட்டம் போட்டது உண்மைதான். ஒரு வண்டியோட ஏர்க்கால அடுத்த வண்டி சக்கரத்தோட சங்கிலி போட்டு கட்டுவாங்க, ஆனா அது பெரும்பாலும் ராத்திரி மாடு தப்பி ஓடாம இருக்க போட்ட பட்டி. மாடு போச்சுன்னா நடுக்காட்டுல எல்லாம் போச்சு.

இன்னொண்ணு, ஆறு தாண்ட வழி காட்டினதும், களைச்சுப்போன மாட்டுக்கு மாத்து கொடுத்ததும், சாப்பாடு வித்ததும் பல எடத்துல அந்தப் பழங்குடிகள்தான். பதிலுக்கு அவங்களுக்கு கெடைச்சது என்ன? வழி நெடுக புல்ல மாடு மேஞ்சு தீத்துருச்சு, காட்டெருமை அந்தப் பக்கமே வர்றது கொறஞ்சு போச்சு. 1851 செப்டம்பர்ல லாரமி கோட்டை ஒப்பந்தம்னு லகோட்டா, ஷையான், அரபஹோ பழங்குடிகள் எல்லாரையும் கூட்டி, வண்டிகள போக விடுங்க, இந்த நஷ்டத்துக்கு ஈடா வருஷம் 50,000 டாலர் பெறுமான பொருள் 50 வருஷத்துக்கு தர்றோம்னு அரசாங்கம் சொல்லுச்சு, அவங்களும் கையெழுத்து போட்டாங்க. அந்த 50 வருஷத்த வாஷிங்டன்ல செனட் 10 வருஷமா வெட்டிடுச்சு.