கமிட்டிக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால் மசோதாவைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

இல்லை. நீங்கள் ஏதோ ஒரு மசோதாவை எதிர்பார்த்துக் காத்திருக்கிறீர்கள், அது நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு, அதாவது இரு அவை எம்.பி.க்களும் சேர்ந்து மசோதாவை அலசுகிற குழுவுக்குப் போய்விட்டது என்று செய்தியில் படித்துவிட்டு ஆத்திரத்தில் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த ஆத்திரம் எனக்கு நன்றாகவே புரியும். எங்கள் வீடும் ஒரு மசோதாவுக்காகக் காத்துக் கிடந்த வீடுதான்.

என் தம்பிக்கு ஹீமோபிலியா, ரத்தம் சரியாக உறையாத நோய். அடிபடவே வேண்டாம், சும்மா இருக்கும்போதே முழங்கால் மூட்டுக்குள் ரத்தம் கசியும். ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் ஊசி கிடைக்கும்வரை ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, அவன் காலை மடியில் போட்டபடி இரவு முழுக்க உட்கார்ந்திருப்போம். 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊனம் என்றால் ஏழே வகைதான். ரத்த நோய் எதுவும் அதில் கிடையாது. சான்றிதழ் கேட்டு முகாமுக்குப் போனபோது அங்கிருந்த டாக்டர் தம்பியை நடந்து காட்டச் சொன்னார். "பையன் நல்லாத்தானே நடக்கறான், இவனுக்கு எதுக்கும்மா சர்டிபிகேட்?" என்று அம்மாவிடம் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கையில் இருந்த சட்டம் அப்படி. மூட்டு நிரந்தரமாகக் கெட்டுப்போய், 40 சதவீதம் என்று அளந்து எழுதும் நிலைக்கு வந்தால்தான் சான்றிதழ். முடங்கிவிடாமல் இருக்க உதவி கேட்டுப் போனவனை, முடங்கிய பிறகு வா என்று திருப்பி அனுப்பிய சட்டம் அது.

2014 பிப்ரவரியில் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் மசோதா மாநிலங்களவையில் அறிமுகமானது. அதன் ஊனப் பட்டியலில் ஹீமோபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் என்ற மூன்று ரத்த நோய்களும் இருந்தன. அந்த வருடம் செப்டம்பரில் அது சமூக நீதித் துறைக்கான நிலைக்குழுவுக்குப் போனது. எங்களைப் போன்ற குடும்பங்களில் பலரும் "அவ்வளவுதான், இனி வராது" என்றே பேசிக்கொண்டார்கள். நீங்கள் இப்போது கேட்பதைத்தான் அன்று எல்லோரும் கேட்டார்கள்.

நடந்ததைத் தேதியோடு பாருங்கள். குழு 2015 மே மாதமே அறிக்கையைக் கொடுத்துவிட்டது. மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது 2016 டிசம்பரில். குழுவிடம் இருந்தது சுமார் எட்டு மாதம். அறிக்கை வந்த பிறகு ஒன்றரை வருடம் அது அரசின் கையில் இருந்தது. கிடப்பில் கிடந்தது எங்கே என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த எட்டு மாதத்தில் என்னதான் செய்வார்கள் என்று கேட்கலாம். முதலில் துறைச் செயலாளரையும் அதிகாரிகளையும் அழைத்து, ஒவ்வொரு பிரிவும் ஏன் இப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்பார்கள். பத்திரிகையில் அறிவிப்பு கொடுத்துப் பொதுமக்களின் கருத்தைக் கேட்பார்கள். அமைப்புகளையும் நிபுணர்களையும் நேரில் வரவழைத்துச் சாட்சியம் வாங்குவார்கள். பிறகு பிரிவு பிரிவாக உட்கார்ந்து பார்த்து அறிக்கை எழுதுவார்கள். உடன்படாத உறுப்பினர் தன் மாற்றுக் கருத்தை எழுதிக் கொடுத்தால் அதுவும் அறிக்கையோடு சேரும். இப்படித் துறைவாரியாக மொத்தம் 24 குழுக்கள். ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10 என 31 பேர். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. கூட்டம் மூடிய அறையில் நடக்கும், கேமரா கிடையாது, கொறடா உத்தரவும் கிடையாது. அவையில் ஒருவரையொருவர் பேசவிடாமல் கத்துகிற அதே ஆட்கள் அங்கே ஒரு வரிக்காக உட்கார்ந்து வாதாடுவது அதனால்தான். மசோதா இல்லாத காலத்திலும் துறையின் மானியக் கோரிக்கைகளை, அதாவது எதற்கு எவ்வளவு பணம் கேட்கிறார்கள், போன வருடம் கொடுத்ததைச் செலவழித்தார்களா என்பதை, இதே குழுக்கள்தான் துருவுகின்றன.

நாங்களும் மனு அனுப்பினோம். மசோதாவின் நகலை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் பிரிவு எண், அடுத்து இப்போதுள்ள வாசகம், அதற்கடுத்து நாங்கள் கேட்கும் வாசகம், கடைசியில் காரணம் என்று கட்டம் போட்டு எழுதினோம். அப்படி எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பட்டியலில் நோயின் பெயர் இருக்கிறது, ஆனால் வேலை இடஒதுக்கீட்டுப் பிரிவில் ரத்த நோய்கள் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டோம். சேர்க்கவில்லை. இன்றைக்கும் உயர்கல்வியில் உள்ள 5 சதவீத ஒதுக்கீடு என் தம்பி போன்றவர்களுக்கு உண்டு, அரசு வேலையில் உள்ள 4 சதவீதத்தில் அவர்களுக்கு இடமில்லை. "அப்புறம் என்ன பெருமை பேசுகிறாய்" என்று கேட்க ஆள் வரும், தெரியும். கேட்டதெல்லாம் கிடைத்தது என்று நான் சொல்லவில்லை. குழுவின் பரிந்துரையே அரசைக் கட்டுப்படுத்தாது, எங்கள் மனு எந்த மூலைக்கு? ஆனால் சட்டம் ஆவதற்கு முன்பே அதன் ஒரு வரியைச் சுட்டிக்காட்டி "இது எங்களுக்குப் போதாது" என்று எங்களால் எழுதிக் கொடுக்க முடிந்தது. அந்த வாய்ப்பு குழுவால் மட்டுமே வந்தது.

மற்றவர்களுக்குக் கிடைத்ததையும் பாருங்கள். தகவல் உரிமை மசோதா 2004இல் வந்தபோது மத்திய அரசு அலுவலகங்களுக்கு மட்டும்தான் என்று இருந்தது. சுதர்சன நாச்சியப்பன் தலைமையிலான நிலைக்குழு மாநிலங்களையும் சேர்க்கச் சொன்னது. இன்று நீங்கள் தாலுகா அலுவலகத்தில் போடுகிற மனு அதன் பலன். வாடகைத்தாய் மசோதாவில் நெருங்கிய உறவுப் பெண் மட்டுமே வாடகைத்தாயாக இருக்கலாம் என்று இருந்தது. மாநிலங்களவைத் தெரிவுக் குழு, அதாவது அந்த ஒரு மசோதாவுக்காகவே அமைத்த குழு, 2020இல் அதை மாற்றச் சொன்னது. வாடகைத்தாய்க்கான காப்பீட்டுக் காலத்தை 16 மாதத்திலிருந்து 36 மாதமாக்கவும் சொன்னது. இரண்டும் 2021 சட்டத்தில் ஏறின.

எந்தக் குழுவுக்கும் அனுப்பாமல் ஓட்டமாக ஓட்டியதற்கு உதாரணம் 2020 வேளாண் சட்டங்கள். தெரிவுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்ற கோரிக்கை மாநிலங்களவையில் குரல் வாக்கிலேயே தள்ளப்பட்டது. ஒரு வருடப் போராட்டம், பிறகு வாபஸ்.

உடனே "நீ எந்தக் கட்சி" என்று ஆரம்பிக்க வேண்டாம். 15ஆவது மக்களவையில் (2009-14) சுமார் 71 சதவீத மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 16ஆவதில் (2014-19) கால்வாசி. 17ஆவதில் (2019-24) சுமார் 16 சதவீதம். குறைகளும் உண்டு, மறுக்கவில்லை. உறுப்பினர் வருகை மோசம். பதவிக்காலம் ஒரே வருடம் என்பதால் துறையைப் புரிந்துகொள்வதற்குள் ஆள் மாறிவிடுவார். அதற்காக முழுவதையும் சடங்கு என்று ஒதுக்கினால் நஷ்டம் நமக்குத்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் இரண்டு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். கருத்து கேட்டு வரும் அறிவிப்பில் மனு ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். என் அம்மாவைவிட அந்த நோயைப் பற்றிச் சொல்லத் தகுதியானவர் யார்? அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதித் தர ஆளில்லாத வீடுகள் என்ன செய்யும்? இன்னொன்று, நம் சட்டப்பேரவை. கேரளத்தில் 1980 முதலே துறைவாரிக் குழுக்கள் இருக்கின்றன, மசோதாக்கள் அவற்றின் வழியாகப் போகின்றன. இங்கே கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் அடுக்கடுக்காக நிறைவேற்றிவிட்டுக் கலைகிறார்கள். எந்த ஆட்சி வந்தாலும் இதே கதை. மத்தியில் குழுவுக்கு அனுப்பவில்லை என்று கொதிக்கிற நம் ஆட்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

நீங்கள் காத்திருக்கும் மசோதாவுக்கு வருவோம். கருத்து கேட்கும் அறிவிப்பு வந்துவிட்டதா என்று நாடாளுமன்ற இணையதளத்தில் பாருங்கள். அவகாசம் பெரும்பாலும் இரண்டு வாரம்தான் இருக்கும். பொதுவாகப் புலம்பாமல் பிரிவு எண் போட்டு, என்ன வாசகம் வேண்டும் என்று எழுதுங்கள். நேரில் வந்து பேச விருப்பம் என்றால் அதையும் மனுவிலேயே குறிப்பிட வேண்டும். அனுப்பிய பிறகு அதை ஃபேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள், குழுவுக்குக் கொடுத்த மனு அதன் ரகசிய ஆவணமாகிவிடும்.