ஆர்க்காலஜி என்பது அச்சுப்பிழையா?

கேள்வி: அண்ணனின் பழைய ‘சிம்சிட்டி 2000’ கணினி விளையாட்டில் ‘ஆர்க்காலஜி’ என்று ராட்சதக் கட்டடங்கள் வருகின்றன. பசுமைக் கட்டடங்கள் பற்றிய கட்டுரை ஒன்றிலும் அதே சொல்லைப் பார்த்தேன். தொல்லியலைக் குறிக்கும் ‘ஆர்க்கியாலஜி’தான் தப்பாக அச்சாகிறதா?
– கட்டடக்கலை மாணவி, நாமக்கல்

பதில்: தப்பில்லை அம்மா. ஆர்க்கிடெக்சர் (கட்டடக்கலை), இகாலஜி (சூழலியல்) இரண்டையும் ஒட்டி, இத்தாலியில் பிறந்த கட்டடக் கலைஞர் பாவ்லோ சொலேரி வழங்கிய சொல் அது. 1969-இல் அதையே தலைப்பாக வைத்துப் பெரிய புத்தகம் போட்டார். ஊர் அகலமாகப் பரவினால் நிலமும் எரிபொருளும் சாலைக்கும் காருக்குமே போய்விடும். வீடு, பட்டறை, கடை, பள்ளி எல்லாவற்றையும் நெருக்கி ஒரே கட்டடமாக்கினால் ஜனங்கள் நடந்தே போவார்கள், சுற்றிலும் நிலம் நிலமாகவே இருக்கும் என்றார்.

அறிவியல் புனைகதைக்காரர்கள் பெரும்பாலும் பிரம்மாண்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் விளையாட்டில் ஒரு வகை ஆர்க்காலஜி விண்கலமாகவே கிளம்பிப் போய்விடும். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அசலை நேரில் பார்த்தவன் நான்.

1970-இல் சொலேரி அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தில், பீனிக்ஸ் நகருக்கு வடக்கே சுமார் 110 கி.மீ. தள்ளி, ஆர்க்கோசான்டி என்ற ஊரைத் தன் கருத்துப்படி கட்ட ஆரம்பித்தார். நான் போனது ஒரு ஜனவரி. வெளியே பல் கிட்டுகிற குளிர். மண்பாண்டம் செய்யும் கூடம், கவிழ்த்த சட்டியைப் பாதியாக வெட்டித் தெற்கே திறந்து வைத்ததுபோல இருந்தது. வண்டல் மண்ணைக் குவித்து, மேலே கான்கிரீட் ஊற்றி, இறுகியபின் மண்ணைத் தோண்டி எடுத்துச் செய்த கூரை. குளிர்காலத்தில் தாழ்ந்து வரும் வெயில் நேரே உள்ளே விழுகிறது. கோடையில் சூரியன் உயர ஏறும்போது அதே கூரை நிழல் தருகிறது. சுவரில் முதுகைச் சாய்த்தேன், வெதுவெதுவென்றிருந்தது. ஒரு மணி நேரம் எழுந்திருக்க மனம் வரவில்லை.

ஆனால் 5,000 பேருக்குத் திட்டமிட்ட ஊரில் சில பத்துப் பேர்தான் வாழ்ந்தார்கள். அங்கேயே வார்க்கும் வெண்கல மணிகளை விற்று வந்த பணத்தில் கட்டடம் மெல்ல வளர்ந்தது. 2013-இல் சொலேரி காலமானபோதும் அது முடியவில்லை. பிழைப்பு இருக்கும் இடத்துக்குத்தான் ஜனங்கள் வருவார்கள். மணி வார்ப்பது 5,000 பேருக்குச் சோறு போடாது.

நீங்கள் கட்டடக்கலை படிப்பதால் ஒன்று சொல்கிறேன். அந்தக் கூடத்தை அப்படியே நாமக்கல்லில் வரைந்துவிடாதீர்கள். நமக்குக் குளிர்காய வெயில் வேண்டியதில்லை. மே, ஜூனில் உச்சி வெயில் சற்று வடக்கிலிருந்து விழும். முதலில் உங்கள் மொட்டைமாடியில் ஒரு குச்சியை நட்டு, ஒரு வருஷம் அதன் நிழலைக் குறித்து வையுங்கள்.